வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனுக்குப் பின் ஹெர்னியா வராமல் தடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்றின் நடுவில் நெடுக்காகக் கீறிச் செய்யும் ஆபரேஷனுக்குப் பிறகு, பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை அந்தத் தழும்பு வழியே குடல் பிதுங்கி வருகிறது. இதைத்தான் தழும்பு ஹெர்னியா என்கிறோம். உடல் பருமன் போன்ற காரணங்கள் சேர்ந்தால் இன்னும் அதிகம். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது "கனம் தூக்காதீங்க, பெல்ட் போடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உண்மையில் இந்த இரண்டும் தடுப்பில் சின்னப் பங்குதான். பெரும்பங்கு ஆபரேஷனுக்கு முந்தைய மாதத்திலும், வயிற்றை மூடித் தையல் போடும் அந்தக் கால் மணி நேரத்திலும், புண்ணில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதிலும் இருக்கிறது. உங்கள் உடம்பை நேரில் பார்த்த சர்ஜன் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

தோல் நன்றாக ஆறிவிட்டது. அப்புறம் எப்படி ஹெர்னியா வரும்?

வயிற்றைத் தாங்கிப் பிடிப்பது தோல் அல்ல. இரு பக்கத் தசைகளின் உறைகளும் நடுக்கோட்டில் வந்து கூடும் இடத்தில் கெட்டியான வெண்ணிறப் படலம் ஒன்று இருக்கிறது. பாரம் முழுவதும் அதன் மேல்தான். தோல் இரண்டு வாரத்துக்குள் ஒட்டிவிடும். இந்தப் படலம் அப்படியல்ல. விலங்குகளில் செய்த பழைய சோதனைகளில், வெட்டிய படலம் ஏறத்தாழ 50 நாளில்தான் பழைய வலிமையில் பாதியை எட்டியது. ஓராண்டு ஆன பிறகும் 80 சதவீதம்தான். முதல் சில வாரங்களில் நூல்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நாட்களில் விளிம்புகள் கொஞ்சம் விலகினாலும், இடைவெளியை மெல்லிய தழும்புத் திசு நிரப்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு மாதக்கணக்கில் அது இளகி விரிந்து, ஒரு நாள் வீக்கமாகக் கண்ணில் படும். 1989-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், படலத்தின் இரு விளிம்பிலும் சிறு உலோகக் கிளிப்புகளை வைத்து எக்ஸ்ரேயில் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் மாதத்திலேயே 12 மில்லிமீட்டருக்கு மேல் விலகியவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் ஹெர்னியா வந்தது. வீக்கம் இரண்டாவது வருடம் தெரிந்தாலும், அதற்கான விதை முதல் மாதத்திலேயே விழுந்திருக்கிறது.

எத்தனை நாள் வரை பயப்பட வேண்டும்?

பயப்படத் தேவையில்லை, கவனித்தால் போதும். ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் முதல் ஆண்டு முடிவில் 12.6 சதவீதம் பேருக்கு இருந்தது, மூன்றாம் ஆண்டு முடிவில் 22.4 சதவீதமாக உயர்ந்தது. எனவே ஒரு வருடம் தாண்டியதும் "இனி வராது" என்று முடிவு கட்ட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி முன் நின்று, இருமியபடி தழும்பைத் தடவிப் பாருங்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

உடல் பருமன் உள்ளவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், நாள்பட்ட இருமலும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், சாப்பாடு இறங்காமல் இளைத்துப்போனவர்கள், அவசரமாக ஆபரேஷன் செய்யப்பட்டவர்கள், ஒரே இடத்தில் இரண்டாம் முறை வயிறு திறக்கப்பட்டவர்கள். வயிற்றுப் பெருந்தமனி வீங்கியதற்காக ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கும் அதிகம். அவர்களின் இணைப்புத் திசுவே பலவீனமாக இருப்பதுதான் காரணம் என்று கருதப்படுகிறது.

எல்லாவற்றையும் விட, ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடித்தவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீழ் பிடித்தால் ஹெர்னியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது.

ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். இந்த ஒரு மாதத்தை எல்லாரும் ஸ்கேன் எடுப்பதிலும் பணம் புரட்டுவதிலுமே செலவழித்துவிடுகிறார்கள்.

முதல் வேலை பீடி, சிகரெட்டை நிறுத்துவது. டென்மார்க்கில் 2005-இல் வெளியான ஆய்வில், புகைப்பவர்களுக்குத் தழும்பு ஹெர்னியா ஏறத்தாழ 4 மடங்கு அதிகமாக வந்தது. புகை திசுவுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கிறது, திசுவுக்கு வலு தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைக் கெடுக்கிறது, போதாக்குறைக்கு இருமலையும் கொடுக்கிறது. குறைந்தது 4 வாரம் நிறுத்தினால் பலன் தெரியும். "ஆபரேஷன் அன்னைக்குக் காலையிலிருந்து விட்டுடறேன்" என்பது கணக்கில் சேராது.

அடுத்தது சர்க்கரை. ஆபரேஷனை ஒட்டிய நாட்களில் ரத்தச் சர்க்கரை 200-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. அதற்கு மாத்திரையோ இன்சுலினோ மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே மாற்ற வேண்டும். நாள்பட்ட இருமல் இருந்தால் நுரையீரல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வயதான ஆண்கள் முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பதை வெட்கப்பட்டு மறைப்பார்கள். பிராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எடையைப் பொறுத்தவரை, ஒரு மாதத்தில் அற்புதம் நடக்காது. ஆபரேஷனைச் சில மாதம் தள்ளிப்போட முடியும் என்றால் எடை குறைப்பது மதிப்புள்ளது. புற்றுநோய் ஆபரேஷன் போன்றவற்றை அதற்காகத் தள்ளக் கூடாது. இளைத்தவர்கள் பட்டினி கிடந்து மேலும் இளைக்கவும் கூடாது.

ஒரு சின்ன விஷயம்: முதல் நாள் வீட்டிலேயே பிளேடால் வயிற்று முடியைச் சிரைத்துக்கொண்டு போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடி எடுப்பது அவசியம் என்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள். நீங்கள் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனால் போதும்.

தையல் போடும் விதத்தில் அப்படி என்ன இருக்கிறது? எல்லாம் தையல்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வழக்கமாகப் பல சர்ஜன்கள் படலத்தின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஊசியைக் குத்தி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்று தடித்த நூலால் போடுவார்கள். நிறையச் சதையைப் பிடித்தால் உறுதியாக இருக்கும் என்பது நம்பிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெரிய பிடிக்குள் படலத்தோடு கொழுப்பும் தசையும் சேர்ந்து மாட்டிக்கொள்கின்றன. நூல் அவற்றை நெரிக்கிறது. நெரிபட்ட திசு சில நாளில் நலிந்து கரையும்போது தையல் தளர்கிறது. விளிம்புகள் விலகுகின்றன, செத்த திசுவில் கிருமியும் சுலபமாகப் பிடிக்கிறது.

ஸ்வீடனில் இதை மாற்றிச் செய்துபார்த்தார்கள். விளிம்பிலிருந்து 5 முதல் 8 மில்லிமீட்டரில் படலத்தை மட்டும் பிடித்து, நெருக்கமாகச் சிறு தையல்கள். 2009-இல் வந்த முடிவு: பெரிய தையல் போட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு ஹெர்னியா, சிறு தையல் போட்டவர்களில் 5.6 சதவீதம். புண் தொற்றும் பாதியானது. பிறகு நெதர்லாந்தில் 560 பேரைச் சேர்த்து நடந்த ஸ்டிட்ச் ஆய்வு 2015-இல் லான்செட் இதழில் வெளியானது. 5 மில்லிமீட்டருக்கு ஒரு சிறு தையல் என்று போட்டவர்களுக்கு ஓராண்டில் 13 சதவீதம், ஒரு சென்டிமீட்டர் தையலுக்கு 21 சதவீதம். கூடுதலாகச் செலவான நேரம் எவ்வளவு தெரியுமா? சராசரியாக 10 நிமிடம் பிடித்த வேலைக்கு 14 நிமிடம் பிடித்தது. அந்த நான்கு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதில் என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நூலின் நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் சர்ஜன் 1976-இல் சொன்னது அது: புண்ணின் நீளத்தைப் போல குறைந்தது 4 மடங்கு நூல் உள்ளே போயிருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் கீறல் என்றால் 80 சென்டிமீட்டர் நூல். ஆபரேஷனுக்குப் பின் வயிறு உப்பும். நூல் குறைவாக இருந்தால் அது திசுவை அறுத்துக்கொண்டு போகும்.

நூலின் வகையும் முக்கியம். மெதுவாகக் கரையும் ஒற்றை இழை நூலைத்தான் இப்போது பரிந்துரைக்கிறார்கள், பி.டி.எஸ். என்று ஆபரேஷன் தியேட்டரில் சொல்வது அந்த வகைதான். சீக்கிரம் கரைந்துவிடும் விக்ரில் போன்ற நூல் படலம் வலுப்பெறுவதற்கு முன்பே கைவிட்டுவிடும். கரையவே கரையாத நைலான், புரோலின் நூல்கள் தாங்கும், ஆனால் சிலருக்கு மாதங்கள் கழித்தும் முடிச்சு குத்தும், சீழ் வடியும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டிட்ச் ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் பருமன் இல்லாதவர்கள், திட்டமிட்ட ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்து 2022-இல் வந்த மற்றொரு ஆய்வில் ஓராண்டில் சிறு தையலுக்கு 3.3 சதவீதம், பெரிய தையலுக்கு 6.4 சதவீதம்; திசை அதேதான், ஆனால் வித்தியாசம் தற்செயல் அல்ல என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. இருந்தாலும் ஐரோப்பிய, அமெரிக்க ஹெர்னியா சங்கங்கள் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சிறு தையலையே பரிந்துரைக்கிறது.

இதையெல்லாம் சர்ஜனிடம் கேட்டால் "நீ எனக்குச் சொல்லித்தர வந்தியா" என்று கோபப்பட மாட்டாரா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. "டாக்டர், தழும்புல ஹெர்னியா வர எனக்கு வாய்ப்பு அதிகமா? அது வராம மூடறதுக்கு என்ன முறை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். இதில் ஈடுபாடுள்ள சர்ஜன் சந்தோஷமாகவே பேசுவார். நூல் பெயரை நீங்கள் சொல்லத் தேவையில்லை.

முன்கூட்டியே வலை வைத்துவிட்டால் வராதாமே?

வலை என்பது படலத்தைத் தாங்கிப் பிடிக்க உள்ளே வைக்கும் செயற்கை வலைத்துணி (மெஷ்). ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இது உண்மையிலேயே பலன் தருகிறது. நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆஸ்பத்திரிகளில் நடந்த பிரிமா ஆய்வு 2017-இல் வெளியானது. பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களையும், பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 27-ஓ அதற்கு மேலோ உள்ளவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டில் தையல் மட்டும் போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கு ஹெர்னியா. படலத்துக்கு மேலே வலை வைத்தவர்களில் 13 சதவீதம், தசைக்குப் பின்னால் வைத்தவர்களில் 18 சதவீதம்.

ஆனால் மேலே வலை வைத்தவர்களுக்குத் தோலடியில் நீர் கோப்பது கூடுதலாக இருந்தது. குடல் ஓட்டையாகி மலம் சிந்திய வயிற்றில் வலை வைப்பது இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம். செலவும் உண்டு. எனவே எல்லாருக்கும் அல்ல. உங்களுக்கு ஆபத்து அதிகம் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

சிசேரியன் தழும்பிலும் வருமா?

வரலாம், ஆனால் குறைவு. அடிவயிற்றில் பிகினிக் கோட்டில் குறுக்காகப் போடும் கீறலில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்குள்தான் வருகிறது. நெடுக்காகக் கீறியிருந்தால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்பதால், நம் ஊரில் இந்தக் கேள்வியைப் பெண்கள் அதிகம் கேட்பது இயல்புதான்.

லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன்) செய்தால் பிரச்சினையே இல்லையா?

மிகவும் குறையும், முழுதாகப் போகாது. 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துளைகளில், முக்கியமாகத் தொப்புள் பக்கத் துளையில் வரலாம். குடல் துண்டை வெளியே எடுக்கப் பெரிய கீறல் போட வேண்டியிருந்தால், அதை நடுவில் போடாமல் அடிவயிற்றில் குறுக்காகப் போடுவது நல்லது.

பெல்ட் எத்தனை மாதம் போட வேண்டும்?

பெல்ட் ஹெர்னியாவைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வலியைக் குறைக்கும், எழுந்து நடக்கத் தைரியம் கொடுக்கும். அதற்காகப் போடுங்கள், தாராளமாக. சௌகரியமாக இல்லை என்றால் கழற்றி வைத்தாலும் குற்றமில்லை. மூச்சு முட்ட இறுக்குவதும், வேர்க்கும் வெயிலில் நாள் முழுக்கக் கட்டிப் புண்ணை ஈரமாகவே வைத்திருப்பதும்தான் தவறு.

தண்ணீர்க் குடம் தூக்கியதால்தான் ஹெர்னியா வந்தது என்கிறார்களே?

பாவம், எத்தனை பெண்கள் இந்தப் பழியைச் சுமக்கிறார்கள்!

அமெரிக்காவில் 20 ஆரோக்கியமான இளைஞர்களின் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். சும்மா நிற்கும்போது சுமார் 20 மில்லிமீட்டர் பாதரசம். இருமும்போது சராசரியாக 100-ஐத் தாண்டியது. குதிக்கும்போது இன்னும் மேலே போனது. குனிவதும், நாலரைக் கிலோ எடையைத் தூக்குவதும் பெரிய அழுத்தம் எதையும் உண்டாக்கவில்லை. ஒரு வாரம் விடாமல் இருமுகிற ஒருவர், அரிசிப் பையைத் தூக்கியவரை விட அதிகமாகத் தையலைச் சோதிக்கிறார் என்று பொருள்.

இதை வைத்துக்கொண்டு இரண்டாம் வாரமே சிலிண்டர் தூக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான சர்ஜன்கள் 4 முதல் 6 வாரம் கனமானதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். படலம் ஆறும் வேகத்தைப் பார்த்தால் அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் அந்த எண்ணிக்கை உறுதியான ஆய்விலிருந்து வந்ததல்ல, வழக்கத்திலிருந்து வந்தது. நிறைகுடம், கைக்குழந்தைக்கு மேல் பெரிய பிள்ளை, நெல் மூட்டை எல்லாம் பொறுக்கட்டும். அரைக்குடம் தண்ணீர், காய்கறிப் பை, மாடிப்படி ஏறுவது, சமைப்பது எல்லாம் வலி அனுமதிக்கும் வரை செய்யலாம். படுத்தே கிடந்தால் தசை கரையும், சளி கட்டும், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. மூட்டை தூக்குவதே பிழைப்பு என்பவர்கள் எப்போது திரும்பலாம் என்பதைச் சர்ஜனிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முதலாளியிடம் காட்ட உதவும்.

இருமலும் தும்மலும் வந்தால் என்ன செய்வது? அடக்க முடியாதே?

அடக்க வேண்டாம். சளியை வெளியேற்ற இருமத்தான் வேண்டும். ஒரு தலையணையையோ மடித்த துண்டையோ தழும்பின் மேல் வைத்து இரு கையாலும் அணைத்துக்கொண்டு, முட்டியை லேசாக மடக்கி இருமுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எக்காமல், ஒருபக்கமாகப் புரண்டு, காலைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றி எழுங்கள். இருமல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் கஷாயத்தோடு காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலச்சிக்கல்? இந்தியன் டாய்லெட்டில் உட்காரலாமா?

உட்காருவது பிரச்சினை இல்லை, முக்குவதுதான் பிரச்சினை. எழுந்திருக்கும்போது வலிக்கிறது என்றால் சில வாரம் வெஸ்டர்ன் டாய்லெட்டோ ஓட்டை போட்ட நாற்காலியோ வசதி. டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் இரும்புச்சத்து மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். அவை எழுதியிருந்தால் மலமிளக்கியும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

பத்தியம் எத்தனை நாள்? கஞ்சி மட்டும்தான் கொடுக்கிறோம்.

குடல் வேலை செய்யத் தொடங்கி, மருத்துவர் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகும் வாரக்கணக்கில் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுப்பது, ஆற வேண்டிய புண்ணைப் பட்டினி போடுவதுதான். படலம் மறுபடி உருவாகப் புரதம் வேண்டும். பெரிய ஆபரேஷனுக்குப் பின் ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை கிராம் வரை புரதம் தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் கஞ்சியால் இது எட்டுமா என்று யோசியுங்கள்.

முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், பால், தயிர், பனீர் எதுவும் விலக்கல்ல. "மீன் சாப்பிட்டா புண் சீழ் வைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள்; அதற்கு ஆதாரம் கிடையாது. கொய்யாவும் நெல்லிக்காயும் வைட்டமின் சி தரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புண்ணில் தண்ணீர் படலாமா? மஞ்சள் பூசலாமா?

48 மணி நேரத்துக்குப் பிறகு, மருத்துவர் தடை சொல்லாவிட்டால், மேலே தண்ணீர் ஊற்றிக் குளித்துச் சுத்தமான துண்டால் ஒற்றி எடுக்கலாம். குளம், ஆறு, தொட்டியில் முங்குவது புண் முழுதாக ஆறிய பிறகுதான். மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய், மூலிகைச் சாறு எதுவும் புண்ணில் வேண்டாம். சிவப்பு பரவுவது, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல் என்றால் அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்காதீர்கள்.

வயிற்றுப் பயிற்சி எப்போது தொடங்கலாம்?

நடப்பது மறுநாளே. மூச்சுப் பயிற்சியும் உடனே. எழுந்து படுக்கும் சிட்-அப் வகைப் பயிற்சிகள் குறைந்தது 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகு, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் மெதுவாக.

பைக் ஓட்டுவது, தாம்பத்தியம்?

வலி மாத்திரை இல்லாமல், சட்டென்று பிரேக் அடித்தாலும் வயிறு சுரீர் என்னாத நிலை வந்ததும் ஓட்டலாம். தாம்பத்தியமும் அப்படித்தான், வலி இல்லை என்றால் தடை இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் அம்மாவுக்கு வந்துவிட்டது. உடனே மறு ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

உங்கள் கவனிப்பில் குறை என்று நினைக்க வேண்டாம். மேலே உள்ள ஆய்வுகளில் மிகச் சிறந்த முறையில் மூடியவர்களிலும் சிலருக்கு வந்திருக்கிறது.

வலி இல்லை, படுத்தால் உள்ளே போய்விடுகிறது என்றால் பெரும்பாலும் அவசரம் இல்லை. அந்த அவகாசத்தில் எடை, சர்க்கரை, புகை, இருமல் ஆகியவற்றைச் சரிசெய்துகொண்டு போவது நல்லது. ஏனென்றால் இரண்டாம் முறை ஜெயிப்பது கடினம். நெதர்லாந்தில் செய்த ஆய்வில், ஹெர்னியாவை வெறும் தையலால் சரிசெய்தவர்களில் 10 ஆண்டுக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. வலை வைத்தவர்களுக்கும் 32 சதவீதம். "சின்ன ஓட்டைதான், நூல் போட்டுத் தைச்சுடலாம்" என்று சொன்னால் வலையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

இரண்டு சூழ்நிலைகள். ஆபரேஷன் முடிந்து முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் 5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாள் வாக்கில், புண்ணிலிருந்து திடீரென்று இளஞ்சிவப்புத் தண்ணீர் நிறையக் கசிந்தால், உள்தையல் விட்டிருக்கலாம். "ஏதோ பிரிந்த மாதிரி இருந்தது" என்று நோயாளியே சொல்வார். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான துணியைக் கொதித்து ஆறிய நீரிலோ சலைன் நீரிலோ நனைத்து மூடி, முட்டியை மடக்கிப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள். வாயால் எதுவும் கொடுக்காதீர்கள்.

மற்றொன்று, ஏற்கெனவே இருக்கும் ஹெர்னியா வீக்கம் திடீரென்று கல்லாக இறுகி, படுத்தாலும் உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் சேர்ந்து, வாயுவும் பிரியாமல் போனால். குடல் மாட்டிக்கொண்டிருக்கலாம், ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். எண்ணெய் தடவி அழுத்திப் பார்க்கும் ஆளைத் தேடிப் போகாமல், இரவு எத்தனை மணி ஆனாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை என்றால் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.